புதிய மடிக்கணினி எவ்வளவு காலம் உழைக்கும்?

என் வேலைக்கென்று வாங்கிய உயர்விலை மடிக்கணினி, இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்த ஒரு காலையில், மூடியைத் திறந்தபோது விழித்துக்கொள்ளவில்லை. முந்தைய இரவு வரை அதில் சிறு கோளாறும் தென்பட்டதில்லை. அது கீழே விழுந்ததில்லை, தண்ணீர் பட்டதில்லை, அளவுக்கு மீறிச் சூடானதுகூட இல்லை. சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மையப் பலகை) போய்விட்டது, முழு போர்டையும் மாற்ற வேண்டும், அதற்கான செலவு புதுக் கணினியின் விலையில் பாதியைத் தாண்டும் என்றார்கள். அதைவிட என்னை உலுக்கியது அடுத்து அவர்கள் சொன்னதுதான்: சேமிப்புச் சில்லுகள் அதே போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருப்பதால், அதாவது உருக்கிய உலோகத்தால் பற்றவைக்கப்பட்டிருப்பதால், உள்ளே இருக்கும் கோப்புகளை எடுத்துத் தர இயலாது. என்னிடமிருந்த கடைசி பேக்கப் ஒன்பது நாள் பழையது. அந்த ஒன்பது நாள்களில் எழுதி முடித்திருந்த தொழில்நுட்பக் கையேட்டின் இரண்டு அத்தியாயங்களை நான் மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன்.

அப்படி எழுதுவதற்குக் கைகொடுத்தது, அலமாரியில் கிடந்த 2013ஆம் ஆண்டு மடிக்கணினி. அது பழுதே ஆகாத கணினி என்று சொல்ல மாட்டேன். அதன் பேட்டரியை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் ஒருமுறை கெட்டுப்போய் அந்த இடத்தில், சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி வந்தது. மின்விசிறி தேய்ந்து கரகரவென்று சத்தமிடத் தொடங்கியபோது அதையும் மாற்றினேன். பழுதுகளை எண்ணினால், பழைய கணினி நான்கு முறையும் புதிய கணினி ஒரே ஒரு முறையும் என்னைக் கைவிட்டிருக்கின்றன. ஆனால் பழையதன் நான்கு பழுதுகளும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடும் அரை மணி நேரத்தோடும் முடிந்தன. புதியதன் ஒரே பழுதில் கணினியும் போனது, கோப்புகளும் போயின. மடிக்கணினிகளின் நம்பகத்தன்மையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பழுது எத்தனை முறை வருகிறது என்பதையே கணக்கிடுகிறோம். வந்த பழுது எவ்வளவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்த விடுபட்ட கணக்குதான்.

அதற்கு முன் பழைய கணினிகளின் மீதுள்ள ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய மடிக்கணினியைக் காட்டி, அந்தக் காலத்துப் பொருள்களின் உறுதியே தனி என்று சொல்பவர்களை அடிக்கடி காண்கிறேன். அவர்கள் கையில் இருப்பது தப்பிப் பிழைத்த கணினி. அதே ஆண்டில் அதே தொழிற்சாலையில் பிறந்து, மூன்றாம் ஆண்டிலேயே செத்துப்போனவை இன்று யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே அவை நம் ஒப்பீட்டுக்குள் வருவதே இல்லை. நீட்டிப்பு வாரண்டி விற்கும் ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க நிறுவனம் 2009இல் தன் காப்பில் இருந்த சுமார் 30,000 மடிக்கணினிகளின் கணக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழுதாகிவிடும் என்பது அதன் முடிவு: 20 சதவீதம் அளவுக்குக் கருவிக் கோளாறு, 10 சதவீதம் அளவுக்கு விழுதல், சிந்துதல் போன்ற விபத்து. வாரண்டி விற்பவர் தரும் கணக்கு என்பதை மனத்தில் கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆயினும், இன்று நாம் ஏக்கத்தோடு நினைவுகூரும் கணினிகள் கடைகளில் விற்ற காலத்தில் நிலைமை அவ்வளவு ஒளிமயமாக இருக்கவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

அந்தக் காலத்தின் பெரும் பழுதுகளும் சிறியவை அல்ல. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த செல்கள் கொண்ட 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் தீப்பிடிக்கும் அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிகளுக்கான தன் கிராஃபிக்ஸ் சில்லுகள் சிலவற்றில் சில்லையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் பொருள்கள் வலுவற்றவை என்று ஒப்புக்கொண்டு, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பல நிறுவனங்களின் உயர்விலை மாடல்கள் அந்தச் சில்லுகளோடு வெளிவந்திருந்தன. ஆப்பிளின் 2011ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோக்களிலும் கிராஃபிக்ஸ் கோளாறு பரவலாக வந்ததால், அந்நிறுவனம் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது.

இந்தக் கிராஃபிக்ஸ் பழுதுகளின் காரணத்தைச் சற்று விளக்கிச் சொல்வது நல்லது, ஏனென்றால் இன்றைய கணினிகளுக்கும் அது பொருந்துகிறது. ஒரு சில்லு வேலை செய்யும்போது சூடாகி விரிகிறது. அணைக்கும்போது குளிர்ந்து சுருங்குகிறது. சில்லு விரியும் அளவும் அது அமர்ந்திருக்கும் தளம் விரியும் அளவும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டின் இழுவிசையை நாள்தோறும் தாங்குபவை, இரண்டுக்கும் நடுவே இருக்கும் மிகச் சிறிய சாலிடர் புள்ளிகள். நூற்றுக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்த பிறகு அவற்றில் ஏதோ ஒன்று விரிசல் விடுகிறது. திரையில் கோடுகள் தோன்றுகின்றன, பிறகு ஒரு நாள் படமே வருவதில்லை. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பொருள்களில் ஈயத்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதால், உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் ஈயமில்லாத சாலிடருக்கு மாறின. புதிய கலவையின் இயல்புகளைத் தொழில் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. கெட்டுப்போன போர்டை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் கணினி மீண்டும் உயிர் பெறுகிறது என்று அந்நாள்களில் பலர் செய்து பார்த்தார்கள். உயிர் பெற்றதும் உண்மை, சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி இறந்ததும் உண்மை. சூடு அந்த இணைப்பைத் தற்காலிகமாக ஒட்டவைத்ததே தவிர, பழுதைச் சரிசெய்யவில்லை.

இந்தப் பக்கத்தில் புதிய கணினிகளுக்கு உரிய பெருமையைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் மறைந்தது ஒன்றே மடிக்கணினிகளின் வாழ்நாளில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பையில் இட்டுத் தூக்கிச் செல்லப்படும் ஒரு பொருளுக்குள் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டை வைத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போது வியப்பாக இருக்கிறது. செயலிகள் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யக் கற்றுக்கொண்டன. 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது. ஆகவே தூசி அடைக்கவும் தேயவும் அங்கே ஒன்றுமில்லை. சூடு குறைந்தால் சாலிடர் புள்ளிகளின் பாடும் குறைகிறது, பேட்டரியின் முதுமையும் தாமதமாகிறது. அன்றாடத் தேய்மானத்தை மட்டும் பார்த்தால், கவனமாக வடிவமைக்கப்பட்ட இன்றைய மடிக்கணினி பழையதைவிட நன்றாகவே உழைக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் தொடங்கியது மெல்லிய உடலுக்கான போட்டியில். அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஆப்பிளின் பட்டர்ஃபிளை விசைப்பலகை. 2015இல் 12 அங்குல மேக்புக்கில் அறிமுகமான அந்த விசைப்பலகை, விசையைக் கத்தரி போல் குறுக்கிட்ட இரு துண்டுகள் தாங்கும் வழக்கமான கத்தரி அமைப்பைவிட 40 சதவீதம் மெலிந்தது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 2016இல் மேக்புக் ப்ரோவுக்கும் வந்தது. விசை கீழிறங்கும் தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். இவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் ஒரு தூசித் துகள் சிக்கினாலே விசை அழுந்தாமல் போகும், அல்லது ஒரு எழுத்து இரண்டாக விழும். எழுதிப் பிழைப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஜூனில் ஆப்பிள் நான்கு ஆண்டுக் காலத்துக்கான இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது; விசைகளுக்கு அடியில் சிலிக்கோன் சவ்வு வைத்துப் பார்த்தது; கடைசியில் 2019 நவம்பரில் 16 அங்குல மாடலில் ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள கத்தரி அமைப்புக்கே திரும்பியது. அமெரிக்காவில் இதற்கென நடந்த வழக்கு, 2022இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

அந்தக் கதையில் நான் கவனிக்கும்படி வேண்டுவது விசையின் பலவீனத்தைக் காட்டிலும் அதைச் சுற்றியிருந்த கட்டமைப்பை. விசைப்பலகை உடலின் மேற்பகுதியோடு ரிவெட் அடித்து இணைக்கப்பட்டிருந்தது. அதே மேற்பகுதியின் மறுபுறத்தில் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரே ஒரு விசை கெட்டுப்போனாலும், விசைப்பலகை, உலோக மேற்பகுதி, பேட்டரி மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. நான் பழைய கணினியில் ஒரு விசைமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அழுத்தி வைத்த வேலை, அங்கே கணினியின் பாதியை மாற்றும் வேலையாக வளர்ந்திருந்தது. அதே தலைமுறையில் திரையின் பின்னொளிக்கும் இதே கதி நேர்ந்தது. மூடியைத் திறந்து மூடும்போது கீலைச் சுற்றி வளையும் மெல்லிய ரிப்பன் கேபிள், 2016ஆம் ஆண்டு மாடலில் போதிய நீளமின்றி இழுபட்டுக் கிழியத் தொடங்கியது. திரையின் அடிப்பகுதியில் மேடை விளக்குகள் போல ஒளித்திட்டுகள் தோன்றின. அந்தக் கேபிள் தனியே பிரிக்க முடியாதபடி திரையோடு இணைந்திருந்ததால் முழுத் திரையையும் மாற்ற வேண்டியதாயிற்று. 2018ஆம் ஆண்டு மாடலில் கேபிளை இரண்டு மில்லிமீட்டர் நீட்டினார்கள். 2016ஆம் ஆண்டின் 13 அங்குல மாடலுக்கு 2019 மே மாதம் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தார்கள். சில மில்லிமீட்டர் கேபிளால் ஒரு முழுத் திரை போகும்படி ஒரு கருவியை வடிவமைப்பது எனக்கு இன்றுவரை ஏற்புடையதாக இல்லை.

ஆப்பிள் இதிலிருந்து பாடம் கற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில், விசைப்பலகையின் மேலிருந்த தொடுதிரைப் பட்டையான டச் பார் போய்விட்டது; எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, காந்த சார்ஜர் ஆகியவை திரும்பின; 16 அங்குல மாடலின் உடல் முந்தையதைவிடச் சற்றுத் தடித்தது. ஒரு நிறுவனம் தன் பெருமைக்குரிய வடிவமைப்பைப் பின்னோக்கித் திருத்திக்கொள்வது அரிது. அதனால்தான் புதிய வடிவமைப்பின் முதல் ஆண்டில் எதையும் வாங்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்; பட்டர்ஃபிளை விசைப்பலகையோ திரைக் கேபிளோ விற்பனைக்கு வந்த வாரத்தில் எந்த விமர்சகரின் கைக்கும் பழுதாகிக் காட்டவில்லை, அவற்றின் குறை தெரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இப்போது என் மதர்போர்டுக்கு வருகிறேன். கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சாலிடர் செய்வது வெறும் பேராசை என்று சொல்வது முழு உண்மையாகாது. குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்கும் எல்பிடிடிஆர் வகை நினைவகம், செயலிக்கு மிக அருகில், மிகக் குறுகிய மின்தடத்தில் அமர்ந்தால்தான் அதன் வேகத்தைத் தாங்கும். பழைய பாணிச் செருகிடத்தின் நீண்ட தடங்களில் சமிக்ஞை சிதைந்துவிடும். பேட்டரி நாள் முழுவதும் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதற்கும் மாற்று வந்துவிட்டது: எல்பிகேம்2 என்ற கழற்றக்கூடிய தட்டை வடிவ நினைவகம், 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் விற்பனைக்கே வந்தது. இயலாது என்று சொல்லப்பட்ட ஒன்று இயலும் என்று தெரிந்த பிறகும் மற்ற உயர்விலை மாடல்கள் பெரும்பாலும் அதை ஏற்காமல் இருப்பது வருத்தம் தருகிறது.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை, அத்தகைய நியாயம்கூட எனக்குத் தென்படவில்லை. விரல் நீளமுள்ள எம்.2 எஸ்எஸ்டி, மிக மெல்லிய கணினிகளிலும் அடங்குகிறது. ஒரு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடுகிறது. கணினி இறந்தாலும் அதை எடுத்து வேறொன்றில் செருகி, குறியாக்கச் சாவி நம்மிடம் இருந்தால் கோப்புகளைப் படிக்கலாம். சாலிடர் செய்த சேமிப்பகத்தில் அந்த வாய்ப்பு இல்லை. போதாக்குறைக்கு, பாதுகாப்புச் சில்லு கோப்புகளைத் தன் சாவியால் குறியாக்கம் செய்து வைக்கும் கணினிகளில், சேமிப்புச் சில்லுகளைத் தனியே பெயர்த்தெடுத்தாலும் பயனில்லை. அந்தச் சாவி அந்தப் போர்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. திருடனிடமிருந்து காக்கும் இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மின்வழங்கல் பகுதியில் கடுகளவு பாகம் ஒன்று குறுக்குச் சுற்றாகிப் போர்டு நின்றுபோனால், உரிமையாளரும் திருடனைப் போலவே வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. பேக்கப் என்பது இத்தகைய கணினிகளில் முன்னெச்சரிக்கை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கணினியின் இன்றியமையாத உறுப்புகளில் ஒன்றாகவே அதை வாங்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டும்.

சார்ஜ் செய்யும் துளைக்கும் இது பொருந்தும். பழைய கணினிகளில் அது ஒரு சிறு கேபிளின் முனையில் தனியாக இருக்கும். தளர்ந்தால் அந்தக் கேபிளை மட்டும் மாற்றிவிடலாம். இன்று பல கணினிகளில் யூஎஸ்பி-சி துளை மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டு, நாள்தோறும் செருகிப் பிடுங்கும் விசையை அந்தப் போர்டே தாங்குகிறது. யூஎஸ்பி-சி இணைப்பு 10,000 முறை செருகலைத் தாங்கும்படி வரையறுக்கப்பட்டது என்பது உண்மை; கேபிளில் கால் தடுக்கிப் பக்கவாட்டில் இழுபடுவது அந்தப் பத்தாயிரத்துக்குள் அடங்காது. சில உயர்விலை மாடல்களில் இந்தத் துளைகளைத் தனிச் சிறு பலகையில் வைத்திருக்கிறார்கள். பிரித்துக் காட்டும் காணொளிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பாகங்களைப் பார்த்துக்கொண்டே மென்பொருளை மறந்துவிடக் கூடாது. புதிய தலைமுறையில் பழுதின் ஒரு பங்கு, சில்லுகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் குடியேறியிருக்கிறது. உறுதிக்குப் பெயர்பெற்ற திங்க்பேட் வரிசையிலேயே, 2017 முதல் 2019 வரையிலான மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி-சி துளை வழியே இயங்கும் வேகமான இணைப்பு முறையான தண்டர்போல்ட்டின் கட்டுப்பாட்டுச் சில்லின் ஃபர்ம்வேரில் பிழை இருந்தது. அதைப் புதுப்பிக்காமல் விட்டால் யூஎஸ்பி-சி இணைப்பே செயலிழக்கக்கூடும் என்பதால் லெனோவோ அவசரத் திருத்தம் வெளியிட்டது. பழைய கணினிகளை விரும்புபவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் டி480 மாடலும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டாம் கையாக அதை வாங்குபவர்கள் முதல் வேலையாக இந்தத் திருத்தம் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினிகளின் உறக்கமுறையும் என்னைக் கவலைப்படுத்துகிறது. நினைவகத்தைத் தவிர மற்ற அனைத்தும் அணைந்து உறங்கும் பழைய எஸ்3 முறைக்குப் பதிலாக, பாதி விழித்திருக்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை முறை வந்த பிறகு, மூடிப் பைக்குள் வைத்த கணினி உள்ளேயே விழித்துச் சூடாகி, எடுக்கும்போது பேட்டரி தீர்ந்திருப்பது பலருக்கும் பழகிப்போன அனுபவம். காற்றோட்டமற்ற பைக்குள் அடிக்கடி சூடாவது பேட்டரிக்கு நல்லதல்ல என்பதால் இதையும் வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது.

மென்பொருள் ஆதரவு முடிவதும் ஒருவகைப் பழுதே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சாதாரணச் செயலிகளை ஏற்பதில்லை. இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது. திருகும் கீலும் திடமாக இருக்கும் கணினிகள் இப்படிக் கைவிடப்படுகின்றன. இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தடையல்ல. தெரியாதவர்களிடம் பழைய கணினியை வாங்கச் சொல்வதற்கு முன் நாம் இருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் மனம் சாய்வது நிறுவனங்களின் அலுவலகப் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் வரிசைகளின் பக்கம். அவற்றின் உறுதிக்காக என்பதைவிட, ஆயிரக்கணக்கில் வாங்கும் அலுவலகங்களின் தொழில்நுட்பப் பிரிவுகள் அவற்றைத் தாமே பிரித்துப் பழுதுபார்க்க விரும்புவதால் பாகங்கள் பிரியும்படி வைக்கப்படுகின்றன என்பதற்காக. டி480இல் உள்ளே ஒரு பேட்டரியும் வெளியே கழற்றக்கூடிய ஒரு பேட்டரியும் இருந்தன. ரேமுக்கு இரண்டு செருகிடங்கள் இருந்தன. அதற்கடுத்த டி490இல் ஒரு பங்கு ரேம் போர்டோடு ஒட்டிக்கொண்டது. வெளிப் பேட்டரி மறைந்தது. ஆனால் 2024இல், பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து உருவாக்கிய டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு செருகிடங்களும் எளிதில் மாற்றும் பேட்டரியும் திரும்பி வந்தன. ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. 2012இல் வந்த முதல் ரெட்டினா மேக்புக் ப்ரோவுக்கு அதே ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்று கொடுத்திருந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஃபிரேம்வொர்க் மடிக்கணினியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021இல் வந்த அந்தக் கணினியில் திரை முதல் மதர்போர்டு வரை எல்லாவற்றையும் உரிமையாளரே மாற்றலாம். பழைய உடலில் புதிய தலைமுறை மதர்போர்டையே பொருத்தலாம். முதல் மாடலில் குறைகளும் இருந்தன. கீல் தளர்வாக இருந்தது. நீண்ட நாள் சார்ஜ் செய்யாமல் வைத்தால் போர்டில் இருந்த சிறு கடிகாரப் பேட்டரி தீர்ந்து, கணினி துவங்க மறுத்தது. இவற்றுக்குக் கிடைத்த தீர்வைத்தான் நான் மதிக்கிறேன்: இறுக்கமான கீலைத் தனியே விற்றார்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டிலேயே அதை மாற்றிக்கொண்டார்கள். மேலே சொன்ன திரைக் கேபிளின் கதையோடு இதை ஒப்பிட்டால், வடிவமைப்பில் பிழை நேர்வது எல்லாருக்கும் பொது என்பதும், அந்தப் பிழையை உரிமையாளரின் கையில் திருத்த விடுவது சிலருக்கே உரியது என்பதும் தெரியும்.

ராணுவத் தரம் என்று விளம்பரங்களில் வரும் எம்ஐஎல்-எஸ்டிடி-810 பற்றி ஒரு சொல். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அவற்றுள் எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம், முடிவுக்குச் சான்றளிக்க அத்துறை யாரையும் அனுப்புவதில்லை. அந்தச் சொல்லைக் கண்டால் எந்தெந்தச் சோதனைகள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

நான் இப்போது ஒரு கணினியை வாங்குவதற்கு முன் செய்யும் முதல் வேலை, அதன் பராமரிப்புக் கையேட்டைத் தரவிறக்கிப் படிப்பது. லெனோவோவும் டெல்லும் நெடுங்காலமாகவே அவற்றை வெளியிடுகின்றன. ஆப்பிளும் 2022 முதல் வெளியிடுகிறது. பேட்டரி மாற்றும் பகுதிக்குச் சென்று, அதற்கு முன் எத்தனை பாகங்களைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணுகிறேன். 2022இல் ஆப்பிள் வெளியிட்ட மேக்புக் ப்ரோ கையேட்டில் பேட்டரிக்கு வழிகாட்டிய பக்கங்கள் 162. பேட்டரியும் அப்போது தனியே கிடைக்காமல் விசைப்பலகையோடு கூடிய மேற்பகுதியாகவே விற்கப்பட்டது. சில அலுவலக மாடல்களின் கையேட்டில் அதே வேலை இரண்டு பக்கங்களில் முடிகிறது. லித்தியம் பேட்டரி எந்த நிறுவனத்துடையதாயினும் முதுமையடைந்தே தீரும். நல்ல பேட்டரிகள் சுமார் 1,000 முழு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. மாற்றியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பாகத்தைப் பசையால் ஒட்டுவதை இனி ஐரோப்பாவில் தொடர்வது கடினம்: 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் சொல்கிறது. அதன் விளைவாக வரும் வடிவமைப்புகளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இறந்த கணினியின் இடத்தில் இப்போது என்னிடம் இருப்பது, வெளிவந்து ஒன்றரை ஆண்டு கழித்து வாங்கிய அலுவலக வரிசை மடிக்கணினி. முந்தையதைவிட அது கனமானது; திரையின் நிறம் அவ்வளவு துல்லியமானதல்ல; பேட்டரி மூன்று மணி நேரம் குறைவாகவே நிற்கிறது. இவற்றை நான் உணர்கிறேன், மறைக்கவில்லை. அதன் எஸ்எஸ்டி ஒரே திருகில் கழன்று வருகிறது; ரேமை ஒருமுறை ஏற்கெனவே கூட்டிவிட்டேன்; சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டாதபடி வரம்பு வைத்திருக்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கணினிக்கு லினக்ஸும் மூன்றாவது பேட்டரியும் பெரிய எஸ்எஸ்டியும் கொடுத்து, மேசையின் ஓரத்தில் மூடியபடியே ஓடவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு நள்ளிரவும் புதிய கணினியின் கோப்புகள் அதற்குள் போய்ச் சேர்கின்றன.